எந்த ஒளியில் அச்சிடுவது?

1855-இல் பர்மாவின் அவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவில் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியும் இருந்தார். வழியெல்லாம் படமெடுத்துத் திரும்பியவர், அவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 50 பிரதிகள் எடுக்கும் வேலையைப் பெங்களூரில் மேற்கொண்டார். மொத்தம் 6,000 அச்சுகள். வெள்ளி உப்பு ஏற்றிய தாளின்மேல் நெகட்டிவை வைத்து, இரண்டையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி, வெயில் தன் வேலையை முடிக்கும்வரை வெளியே வைப்பதுதான் அன்றைய முறை. மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். பிறகு சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1857 கடைசியில் கிளம்பி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் எடுத்த படங்களும் இப்படித்தான் தாளுக்கு வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிய நீளமான சுருளும் அவற்றில் ஒன்று.

சயனோடைப், பிளாட்டினம், கம் பைகுரோமேட், கார்பன், உப்புத்தாள், வான்டைக் பழுப்பு என்று பழைய முறைகளில் இன்றும் அச்சிடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஏறக்குறைய டிரைப்பின் காலத்து மரச்சட்டம்தான். ஒளி மட்டும் மாறிவிட்டது. பலருடைய வேலையறையில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. அதன் உள்ளே வரிசையாகப் புறஊதா டியூப்புகளோ எல்இடிகளோ. எந்த அலைநீளம், எத்தனை வாட், எவ்வளவு தூரம், வெயில் கொட்டிக் கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்கப் போனால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். விளக்கைத் தனியே எடுத்துக்கொண்டு எது நல்லது என்று கேட்பதால் வருகிற குழப்பம் இது. தாளில் பூசிய வேதிப்பொருள், நெகட்டிவ், நடுவிலிருக்கும் கண்ணாடி, விளக்கு ஆகிய நான்கும் சேர்ந்துதான் அச்சை உண்டாக்குகின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றின் கணக்கும் மாறும்.

இருட்டறையில் என்லார்ஜருக்குக் கீழே வைக்கும் புரோமைடு தாளுக்குச் சில நொடி வெளிச்சம் போதும். ஒளி தொட்ட சிறு தடத்தை டெவலப்பர் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டிவிடுகிறது. பழைய முறைகளில் அந்தப் பெருக்கம் கிடையாது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப்பில் ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் தாளில் பூசப்படுகின்றன. ஒளி பட்ட இடத்தில் ஃபெர்ரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகி, ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்ய நீலமாகப் படிகிறது. எவ்வளவு நீலம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஒளியே உழைக்க வேண்டும். பிளாட்டினத்தில் ஃபெர்ரிக் ஆக்சலேட் இதே வேலையைச் செய்து, டெவலப்பருக்குள் பிளாட்டினம் உப்பை உலோகமாக மாற்றுகிறது. கம், கார்பன் முறைகளில் பைகுரோமேட் கலந்த பிசினோ ஜெலட்டினோ ஒளி பட்ட இடத்தில் இறுகி, நீரில் கரையாமல் நின்றுவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், 400 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள புறஊதா ஒளியில் நன்றாக விழித்துக்கொள்வதுதான். நீல ஒளிக்கும் ஓரளவு மசியும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அசையாது. அதனால்தான் மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் நிதானமாகத் தாளில் மருந்து பூச முடிகிறது. அதே அறையில் இன்றைய குளிர்வெள்ளை எல்இடி எரிந்தால் அதிலுள்ள நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளைக் கெடுக்கும். சாதாரண என்லார்ஜரின் விளக்கும் லென்ஸும் இவ்வளவு புறஊதாவைத் தாளுக்குக் கொண்டுவர மாட்டா. ஆகவே நெகட்டிவும் அச்சும் ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்க வேண்டியிருக்கிறது.

வெயிலைப் போன்ற விளக்கு வேறில்லை என்று பழைய கைகள் சொல்வதில் நியாயம் உண்டு. வெப்பமண்டலத்தில் தெளிவான நண்பகலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5, 6 மில்லிவாட் அளவுக்கு யூவி-ஏ எனும் நீண்ட அலைப் புறஊதா இறங்குகிறது. ஒரு மீட்டர் நீளத் தாளானாலும் நடுவிலும் மூலையிலும் ஒரே அளவு. இந்தச் சமநிலையை எந்தப் பெட்டியும் முழுதாக எட்டியதில்லை. சூரியனின் வட்டு வானத்தில் அரை டிகிரி அகலமே உடையது என்பதால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. நெகட்டிவுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தாலும் கோடு மங்காது. செலவும் இல்லை. இங்கிலாந்தின் மங்கிய வானத்தின் கீழேயே அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பத்தாண்டுகள் கடற்பாசிகளைத் தாள்மேல் பரப்பி, வெயிலில் காட்டி, ஆயிரக்கணக்கான சயனோடைப்புகளைச் செய்து நூலாக்கினார். ஒளிப்படங்களால் ஆன முதல் நூல் என்ற பெயர் அதற்கு உண்டு. அதே நாற்பதுகளில் ரெடிங் நகரில் ஒளிப்பட முன்னோடி டால்பட்டின் உதவியாளர் நிக்கோலஸ் ஹென்னெமன் நடத்திய பட்டறையிலும், வெளியில் வரிசையாக நிறுத்திய சட்டங்களில்தான் அச்சுகள் உருவாயின.

ஆனால் வெயில் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலை எட்டு மணி வெயிலும் நண்பகல் வெயிலும் பார்வைக்கு அவ்வளவு வேறுபடாவிட்டாலும், அவற்றிலுள்ள புறஊதா பல மடங்கு மாறுகிறது. சாய்வான கதிர் கூடுதல் காற்றைக் கடந்து வருவதால் குறுகிய அலைகள் முதலில் சிதறிப்போகின்றன. நிழலின் நீளத்தைப் பார்த்து அளவிடும் பழக்கம் ஆரம்பத்துக்கு உதவும்: ஆளின் நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் நல்ல அச்சு ஒளி. கைப்பேசியில் வரும் புறஊதாக் குறியீட்டை நம்பிச் சிலர் நேரம் கணிக்கிறார்கள். கோடையில் சென்னையில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கம். ஆனால் அந்தக் குறியீடு தோல் கருகும் அபாயத்தைச் சொல்வது. குறுகிய அலையான யூவி-பி கதிர்களுக்கு அதில் மிகுந்த எடை. சட்டத்துக் கண்ணாடி அந்த யூவி-பியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தாள் காண்பது யூவி-ஏயையும் நீலத்தையும் மட்டுமே. குறியீடு இரட்டிப்பானால் நேரத்தைப் பாதியாக்கலாம் என்று நினைப்பது தவறாக முடியும்.

வெயிலின் இன்னொரு இயல்பு நுட்பமானது. வானம் நீலமாகத் தெரிவதே குறுகிய அலைகள் சிதறுவதால்தான். எனவே புறஊதாவில் பெரும் பங்கு சூரியனிடமிருந்து நேராக வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. நிழலில் வைத்த சட்டத்திலும் அச்சு விழும், நேரம்தான் கூடும். ஆல்புமன் தாள் காலத்து அச்சுக்காரர்கள் இதை ஒரு கருவியாகவே பயன்படுத்தினார்கள். மெலிந்த நெகட்டிவை நிழலில் அச்சிட்டால் கருப்பு வெளுப்பு வேறுபாடு கூடும். கடுமையான நெகட்டிவை நேர்வெயிலில் அச்சிட்டால் அது தணியும். ஒளியின் வலிமையும் தன்மையும் நேரத்தோடு படத்தின் சாயலையும் மாற்றுகின்றன என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

செயற்கை ஒளியைத் தேடியது முதலில் கலைஞர்கள் அல்லர், பொறியியல் அலுவலகங்கள். ஹெர்ஷலின் நீல அச்சு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டட வரைபடம் நகலெடுக்கும் முறையாகப் பரவியது. பாலமோ கப்பலோ கட்டுகிற இடத்தில் நாளைக்கு வெயில் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. செங்குத்தான கண்ணாடி உருளையைச் சுற்றி வரைபடத்தையும் தாளையும் இறுக்கிக் கட்டி, நடுவே ஒரு கார்பன் ஆர்க் விளக்கை மெதுவாக இறக்கும் இயந்திரங்கள் வந்தன. அந்த ஆர்க்கின் வலுவான ஒளிப்பட்டை 389 நானோமீட்டரை ஒட்டியது. இன்று மலிவாகக் கிடைக்கும் எல்இடிகளும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒளிர்கின்றன. 1901-இல் பீட்டர் கூப்பர் ஹியூவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றபின், ஆர்க்கின் புகையும் பொறியும் இல்லாத ஒளி கிடைத்தது. நம் ஊர்களில் கட்டட வரைபடத்தை அம்மோனியா பிரின்ட் எடுத்துக்கொடுத்த கடைகளில் இருந்ததும் அந்த வழியில் வந்த புறஊதா விளக்குதான்.

இதற்கிடையே கலை அச்சில் ஒரு நீண்ட இடைவெளி விழுந்தது. வில்லியம் வில்லிஸ் 1873-இல் காப்புரிமை பெற்ற பிளாட்டினம் முறை, முதல் உலகப் போரில் அந்த உலோகத்தின் விலை ஏறியதும் ஒடுங்கியது. ஆயத்தத் தாள் கடைகளிலிருந்து மறைந்தது. 1960களின் நடுவில் ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் அதை மீண்டும் கையில் எடுத்தபோது, தாளை அலுமினியத் தகட்டில் ஒட்டி, ஒரே தாளில் பல முறை மருந்து பூசி, பல முறை ஒளி காட்டினார். ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒளியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய வேலையை மேகத்தின் தயவில் விட முடியாது. மருந்துக்கே பெருந்தொகை செலவாகும் ஒரு முறையில், நேற்று 8 நிமிடத்தில் கிடைத்த கருப்பு இன்றும் 8 நிமிடத்தில் கிடைக்கும் என்ற உறுதிதான் பெட்டியின் உண்மையான மதிப்பு. வேகமும் வசதியும் அதற்கு அடுத்தவை.

இன்று பெரும்பாலான பெட்டிகளில் இருப்பவை புறஊதா டியூப்புகள். சாதாரண டியூப் லைட்டின் உடன்பிறப்பு இது. உள்ளே பாதரச ஆவி 254 நானோமீட்டரில் ஒளிர, கண்ணாடியின் உட்புறப் பூச்சு அதை உள்வாங்கி நீண்ட அலையாக வெளியிடுகிறது. பூச்சு எதுவோ அதற்கேற்ப உச்சம் 350-இலோ 370-ஐ ஒட்டியோ விழும். இனிப்புக் கடைகளிலும் உணவகங்களிலும் ஈயைப் பிடிக்க நீலவெண்மையாக எரியும் டியூப் இந்த வகைதான். அதே பூச்சைக் கருநீலக் கண்ணாடிக்குள் அடைத்து, மேடை அலங்காரத்துக்கும் கள்ளநோட்டுப் பார்க்கவும் விற்கிறார்கள். அச்சுக்காரருக்கு இந்தக் கருநீலக் கண்ணாடியால் எந்த லாபமும் இல்லை. அது தடுக்கும் நீல ஒளியும் தாளுக்குக் கொஞ்சம் உதவக்கூடியதே. விலை குறைந்த வெண்ணிற டியூப்பே போதும்.

மூன்றாவது ஒரு டியூப் உண்டு. அதைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். பூச்சே இல்லாத தெளிவான கண்ணாடிக்குள் எரியும் கிருமிநாசினி விளக்கு அது. கொரோனா காலத்தில் வீடுவீடாகப் புகுந்தது. இதையும் யூவி டியூப் என்றே விற்கிறார்கள். இது உமிழும் 254 நானோமீட்டர் கதிர் சில நிமிடங்களில் கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும், தோலைச் சுடும். இதனால் அச்சுக்குப் பயனும் இல்லை: சட்டத்தின் கண்ணாடி அந்தக் கதிரை முழுதாகத் தடுத்துவிடும். பாதரசத் தெருவிளக்கின் வெளிக்குமிழை உடைத்துப் பயன்படுத்தச் சொல்லும் யோசனையிலும் இதே அபாயம் உள்ளது. அந்த வெளிக்குமிழ்தான் உள்குழாயிலிருந்து வரும் கொடிய குறுங்கதிர்களைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

டியூப்பின் பலவீனம் வெப்பம். பருமனான டி8 வகை சுற்றிலும் 25 டிகிரி இருக்கும்போதும், மெலிந்த டி5 வகை 35 டிகிரியை ஒட்டியும் முழு வலிமையோடு எரியும். நம் கோடையில், எட்டுப் பத்து டியூப்புகளும் சோக்குகளும் அடைந்த பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டிப் போகும், ஒளி குறையும். காலையில் எடுத்த முதல் அச்சும் மதியம் எடுத்த பத்தாவது அச்சும் ஒரே நேரம் வைத்தும் வேறுபடுவது இதனால்தான். விசிறி பொருத்துவது அழகுக்காக அல்ல. விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு நிலைப்படுத்திய பிறகே தாளை வைப்பது நல்ல பழக்கம். வெப்பம் தாளையும் உலர்த்தும். பிளாட்டினத்திலும் சயனோடைப்பிலும் தாளிலுள்ள ஈரம் நிறத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பதால், சென்னையின் காற்றில் பூசிய தாளும் குளிர்சாதன அறையில் பூசிய தாளும் ஒரே விளக்கின் கீழ் வேறு வேறு முகம் காட்டும். விளக்கின்மேல் போடப்படும் பழிகளில் பாதி உண்மையில் ஈரத்தின்மேல் போட வேண்டியவை.

பெரிய அச்சுகள் செய்கிறவர்களிடம் ஒரு காலம் ராஜாவாக இருந்தது ஆஃப்செட் தொழிலின் பிளேட் எக்ஸ்போஷர் இயந்திரம். அமெரிக்காவின் நூஆர்க் 26-1கே அவர்களிடையே புகழ்பெற்றது: 1,000 வாட் விளக்கு, காற்றை உறிஞ்சித் தாளையும் நெகட்டிவையும் இறுக்கும் ரப்பர் விரிப்பு, நொடிகளை விட்டுவிட்டு விழுந்த ஒளியின் மொத்தத்தையே எண்ணும் இன்டகிரேட்டர். மின்னழுத்தம் ஆடினாலும், விளக்குக்கு வயதானாலும், தேவையான ஒளி சேர்ந்தபின்தான் அது நிற்கும். கணினியிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் முறை வந்ததும் அச்சகங்கள் இத்தகைய இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டன; பிளாட்டினம் அச்சுக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். சிவகாசி போன்ற அச்சுத்தொழில் ஊர்களில் பழைய பிளேட் இயந்திரம் ஒன்று கண்ணில் பட்டால், விளக்கும் உறிஞ்சியும் வேலை செய்கின்றனவா என்று விசாரிப்பது வீண்போகாது. உதிரி விளக்கு கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த விளக்குகள் சூடாகச் சில நிமிடம் எடுக்கும்; அணைத்தால் ஆறும்வரை மறுபடி பற்றாது.

இப்போது வேகமாகப் பரவுவது எல்இடி. 395 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ஃபிளட் லைட்டுகளும் ஒட்டும் பட்டைகளும் மலிவு, சூடாகக் காத்திருக்க வேண்டாம், பாதரசம் இல்லை. சயனோடைப்புக்கும் பிளாட்டினத்துக்கும் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. 365 நானோமீட்டர் எல்இடி விலை கூடியது, ஒரே மின்சாரத்துக்குத் தரும் ஒளியும் குறைவு. உப்புத்தாள் செய்கிறவருக்கு ஆனாலும் அதுவே ஏற்றது. வெள்ளி குளோரைடு உள்வாங்குவது பெரும்பாலும் 400-க்குக் கீழேயுள்ள ஒளியைத்தான். 405-இல் நின்று எரியும் விளக்கின் பெரும்பகுதி அதற்கு வீண். எல்இடியின் ஒளிப்பட்டை மிகக் குறுகியது என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. வெயிலிலோ டியூப்பிலோ பல அலைநீளங்கள் கலந்திருப்பதால் ஒன்று பொருந்தாவிட்டால் இன்னொன்று ஈடுசெய்யும். எல்இடியில் 20 நானோமீட்டர் தள்ளிப்போனால் சில மருந்துகளுக்கு அது வேறு விளக்கு. நகப்பூச்சு உலர்த்தும் சிறு விளக்கில்கூட உள்ளங்கையளவு சயனோடைப் எடுக்கலாம். கற்றுக்கொள்ள வரும் மாணவருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

எல்இடியின் கீழ் கண்ணைப் பற்றிய கவனம் குறைந்துவிடுகிறது. 365 நானோமீட்டர் ஒளி ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. எனவே கண்பாப்பா சுருங்காது, கூசாது, கதிர் தாராளமாக உள்ளே போகும். கண்புரைக்கும் புறஊதாவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் நிலைபெற்றது. பெட்டிக்குக் கதவு வேண்டும், திறந்தால் அணையும் சுவிட்ச் வேண்டும். பாலிகார்பனேட் கண்ணாடி அணிவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

வாட் எவ்வளவு என்று கேட்கிற அளவுக்கு யாரும் தூரத்தைக் கேட்பதில்லை. ஒற்றை விளக்கை 50 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளிய மூலைக்கு நடுப்பகுதியின் ஒளியில் 64 விழுக்காடுதான் போய்ச் சேரும். அச்சில் அது நன்றாகவே தெரியும். விளக்கை ஒரு மீட்டருக்கு உயர்த்தினால் மூலைக்கு 89 விழுக்காடு கிடைக்கும். ஆனால் நடுவின் ஒளி கால்பங்காகி, நேரம் நான்கு மடங்காகும். சமநிலைக்காக நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே ஒற்றை விளக்கின் கணக்கு. டியூப் வரிசையில் நிலைமை வேறு. இரண்டு டியூப்புகளின் மையங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளியோ குறைந்தது அவ்வளவு தூரம் கண்ணாடிக்கும் இருந்தால் வரிவரியாக விழாது. பெட்டியின் அகலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தூரமாதலால், இன்னும் சற்றுத் தள்ளினாலும் ஒளி சட்டென்று குறைவதில்லை. டியூப்பின் இரு முனைகளும் மங்கலாகவே எரியும். அச்சைவிட டியூப் நீளமாக இருக்க வேண்டும்.

அகன்ற விளக்கின் விலை கூர்மையில் தெரியும். பெட்டியிலிருந்து கதிர்கள் இருபுறமும் 60 டிகிரி சாய்ந்து வருகின்றன என்று கொண்டால், நெகட்டிவின் மைக்கும் தாளுக்கும் நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் கோட்டின் விளிம்பு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் மங்கும். வெயிலின் நேர்க்கதிரால் அதே இடைவெளிக்கு மங்கல் ஒரு மைக்ரான் அளவே. பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஓஎச்பி ஷீட்டின் தடிமன். மைப்பக்கம் மேலே இருக்கும்படி நெகட்டிவை வைத்தாலே படம் மங்கிவிடும் என்று பொருள். வெயிலில் கூர்மையாக வந்த படம் பெட்டியில் மங்குகிறது என்று விளக்கைக் குறை சொல்கிறவர்கள் முதலில் சட்டத்தின் பிடியைச் சோதிக்க வேண்டும். சொரசொரப்பான தடித்த தாளில் பெரிய அச்சு எடுப்பவர்களுக்கு உறிஞ்சிச் சட்டம் அநேகமாகத் தவிர்க்க முடியாதது.

கண்ணாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடி 365 நானோமீட்டரைப் பெரும்பாலும் விட்டுவிடும். காரின் முன்கண்ணாடி போல இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டிய லாமினேட் வகையும் பாலிகார்பனேட்டும் புறஊதாவைத் தடுக்கவென்றே ஆனவை போல நடந்துகொள்ளும். படச்சட்டக் கடைகளில் படம் வெளுக்காமலிருக்க விற்கும் அக்ரிலிக்கும் அப்படித்தான். விலையுயர்ந்த பெட்டியின் ஒளியை அதன் மூடியே முழுங்கிவிடக்கூடும்.

நெகட்டிவ் இந்தக் கதையின் மிகச் சிக்கலான பகுதி. டான் பர்க்கோல்டர் 1995-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, கணினியிலிருந்து ஒளிபுகும் ஷீட்டில் அச்சிட்ட நெகட்டிவே பொதுவழக்கமாகிவிட்டது. மை கண்ணுக்கு எவ்வளவு கருப்பாகத் தெரிகிறது என்பதற்கும், புறஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கும் நேர் உறவு இல்லை. வெளிறிய மஞ்சள் மை கருப்பைப் போலவே தடுக்கலாம். ஒரே மை 365-இல் ஒருவிதமாகவும் 400-இல் வேறுவிதமாகவும் தடுக்கும். டியூப்பின் கீழ் மாதக்கணக்கில் சரிப்படுத்தி வைத்த நெகட்டிவை எல்இடிக்குக் கொண்டுவந்தால் வானம் வெளுத்து, நிழல் அடைந்துபோவது இதனால்தான். பைரோ டெவலப்பரில் கழுவிய ஃபிலிம் நெகட்டிவுகளின் மஞ்சள்பச்சைச் சாயத்துக்கும் இதே நிலை. விளக்கை மாற்றுகிறவர் நெகட்டிவின் அடர்த்தியைச் சரிப்படுத்தும் வளைவை முதலிலிருந்து போட வேண்டும்; வேறு குறுக்குவழி கிடையாது.

அளப்பதற்கு மலிவான, நம்பகமான கருவி ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது: படிப்படியாகக் கருமை கூடும் சிறு ஃபிலிம் துண்டு. 21 படிகள் கொண்ட துண்டில் ஒவ்வொரு படிக்கும் 0.15 அடர்த்தி கூடும். இரண்டு படிக்கு ஒளி பாதியாகும். அதைப் புதுப் பெட்டியின் கீழ் ஒரு முறை அச்சிட்டால், எந்த நேரத்தில் முழுக் கருமை எட்டுகிறது, அந்த மருந்துக்கு எத்தனை படிகள் வரை தெரிகின்றன என்ற இரண்டும் புலப்படும். அச்சின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் துண்டை வைத்துப் பார்த்தால் சமநிலையும் தெரிந்துவிடும். வாட், லக்ஸ் என்ற எண்களைவிட இந்த ஒரு தாள் சொல்வது அதிகம். சயனோடைப் கண்ணெதிரே கருத்து நீலமாகி, பிறகு நிழல் பகுதிகள் சாம்பல் வெளிறலாக மாறுவதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். ஒளி மிகுந்து நீலம் தற்காலிகமாக வெளுத்திருக்கிறது; கழுவிக் காற்றில் விட்டால், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் நனைத்தால், ஆழமான நீலம் திரும்பி வரும். இந்த நிறமாற்றமே வெயிலில் நேரம் பார்க்கும் பழைய அளவுகோல். 1990களில் மைக் வேர் வகுத்த புதிய சயனோடைப் மருந்து இதைவிட விரைவானது. பழைய மருந்துக்கென வைத்த நேரம் அதற்குப் பொருந்தாது.

இவ்வளவையும் எடைபோட்டால், தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் கிடைக்கும் ஒருவர் சயனோடைப்போ வான்டைக்கோ தொடங்குவதற்குப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஸ்கிரீன் பிரின்டிங் தொழிலில் சிறு பட்டறைகள் வெயிலிலேயே ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்து வேலையை ஓட்டி வந்திருக்கின்றன. ஒரே படத்தைப் பத்துப் பிரதி செய்ய வேண்டியவருக்கும், பல வண்ண கம் அச்சில் ஒரு தாளுக்கு நான்கு முறை ஒளி காட்டுகிறவருக்கும், பிளாட்டினத்தில் பணம் போடுகிறவருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் வேலை செய்ய விரும்புகிறவருக்கும்தான் பெட்டி தேவை. அவர்களுக்கும் முதல் சில மாதங்களை வெயிலில் கழித்துவிட்டுப் பெட்டிக்கு வருவது நல்லது. மருந்து ஒளிக்கு எப்படி அசைகிறது என்பதைத் திறந்த வெளியில் சட்டத்தைத் திறந்து திறந்து பார்ப்பதுபோலக் கற்றுத்தரும் பெட்டி இல்லை.

விளக்கு வாங்குவதில் இப்போது இரண்டு வெளி நெருக்கடிகள் சேர்ந்திருக்கின்றன. 2023-இல் ஜெனீவாவில் கூடிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பொது வெளிச்சத்துக்கான டியூப் லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. புறஊதா டியூப் பொது வெளிச்சத்துக்கானது அல்ல. ஆனால் அதற்கு வேண்டிய சோக்கும் ஹோல்டரும் சாதாரண டியூப்பின் சந்தையை நம்பியிருப்பவை. இன்னொரு பக்கம், புற்றுநோய் உண்டாக்கும் பைகுரோமேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்தத் தடுத்துவிட்டது. அங்குள்ள கார்பன் அச்சுக்காரர்களில் சிலர் டிஏஎஸ் என்ற அசைடு வகை மருந்துக்கு மாறியிருக்கிறார்கள். அது குறுகிய புறஊதாவை விரும்புவது. மலிவான 395, 405 எல்இடிகளின் கீழ் மந்தமாகவே அசையும். ஆகவே பைகுரோமேட்டை விட்டுவிட நினைக்கும் கார்பன் அச்சுக்காரர், எல்இடிக்கு மாறுவதானால் 365 நானோமீட்டர் வகையையே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த விலை எட்டாதவர்கள் இருக்கிற டியூப் பெட்டியை விசிறியும் புது சோக்கும் போட்டுக் காப்பாற்றி, உதிரி டியூப்புகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.